புதன்கிழமை போன்

ஜூலை 3, புதன்

இன்று முதல் போன் பொறுப்பு என்னுடையது என்று சுலோச்சனா மேடம் சொல்லிவிட்டார். அவர் இந்தப் பெண்கள் விடுதியின் தலைமைக் காப்பாளர். நான் உதவிக் காப்பாளர். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வேலை இதுதான். புதன்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்க வேண்டும். விடுதி போனில் வீட்டு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை என் கையிலேயே வைத்துக்கொண்டு பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்ட வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். அழுதால் கட் செய்ய வேண்டும். சோறு சரியில்லை, அறையில் சண்டை என்று யாராவது ஆரம்பித்தாலும் கட் செய்ய வேண்டும்.

"நீதான் வாயே தொறக்க மாட்டியே கண்ணு, உனக்கேத்த வேலை" என்றார் மேடம்.

"பட்டதாரிக்கு நல்ல போஸ்டிங்" என்று பிசிக்ஸ் சார் சிரித்தார்.

என்னை இங்கே எல்லோரும் பட்டதாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று, வீட்டில் யாரெல்லாம் படித்திருக்கிறார்கள் என்று மேடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. விளையாட்டுக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

இங்கே இருக்கும் பெண்கள் எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக இன்னொரு வருடம் படிப்பவர்கள். கேட்டைத் தாண்ட முடியாது. சொந்தப் போன் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வரலாம். மற்றபடி இந்தப் புதன்கிழமை போன்தான்.

இன்று ஒரே மாலையில் எத்தனையோ வீடுகளுக்குள் போய்வந்த மாதிரி இருந்தது. ஒரு வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் தம்பி போனைப் பிடுங்கி, நாய் குட்டி போட்டிருக்கிறது என்று கத்தினான். உப்பளத்திலிருந்து பேசிய ஓர் அம்மாவின் குரலைக் காற்று பாதி தின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் இசக்கியம்மாள். தூத்துக்குடிப் பக்கம். அவளுடைய மதிப்பெண்ணைப் பார்த்து இந்தப் பயிற்சிப் பள்ளியே கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டதாம்.

எல்லா அம்மாக்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நல்லா இருக்கேன்.

ஜூலை 7, ஞாயிறு

மேடத்தின் புடவைகளுக்கு இஸ்திரி போட்டேன். அவருக்கு முதுகு வலி. மதியம் அம்மா போன் செய்தாள். கிளாஸ் எடுக்கிறாயா என்று கேட்டாள். எடுக்கிறேன் என்றேன். தாவரவியல் வகுப்பு தருவதாகச் சொல்லித்தான் என்னை எடுத்தார்கள், தருவார்கள்.

ஜூலை 11, வியாழன்

பிசிக்ஸ் வகுப்பில் கடைசி பெஞ்சில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தேன். இசக்கி எழுந்து நின்றாள்.

"சார், அந்த ரெண்டாவது ஸ்டெப்பு எங்க இருந்து வருது? ஒரு மட்டம் சொல்லுதியளா?"

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "சொல்லுதேன் தாயி, சொல்லுதேன். நீங்க கேட்டுச் சொல்லாம இருப்பேனா" என்று அவளைப் போலவே இழுத்துப் பேசினார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இசக்கியும் சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம், நினைவில்லை. இரண்டாவது ஸ்டெப்பை அவர் சொல்லவே இல்லை.

ராத்திரி சாப்பாட்டில், பாத்திரத்தை நீட்டிய ஒவ்வொரு பெண்ணும் "சாம்பாரு ஊத்துதியளா அக்கா" என்று கேட்டுக்கொண்டே போனாள். சமையல்கார அக்காவுக்கு என்ன விஷயம் என்றே புரியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

வாரத் தேர்வில் இசக்கி முதல். மோனிஷா இரண்டாவது. மோனிஷாதான் இசக்கி இருக்கும் அறையின் லீடர். போன வருடமும் இங்கேயே படித்தவள், இது அவளுக்கு இரண்டாவது முறை. எப்போதும் அவள்தான் முதல்.

சாயங்காலம் படிப்பு நேரத்துக்கு அறையைத் தாண்டிப் போனேன். பேச்சுச் சத்தம் கேட்டது. இசக்கி தண்ணீர் பாட்டிலோடு உள்ளே நுழைந்தாள். பேச்சு நின்றது. அவள் புத்தகம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பேச்சு தொடங்கியது.

ஜூலை 17, புதன்

மோனிஷாவின் அப்பா, ஸ்பீக்கர் என்று தெரிந்தும் கேட்டார்: "உப்பளத்துக்காரி மொதல் வர்றா, உனக்கு என்ன கேடு? வேளாவேளைக்குப் பால் வேற தனியா குடுக்கச் சொல்லிருக்கேன்." மோனிஷா, சரிப்பா, சரிப்பா என்றாள். அவள் கண் என் மேல் இருந்தது. நான் மணியைப் பார்த்தேன்.

இசக்கி, நல்லா இருக்கேம்மா என்றாள்.

ஜூலை 22, திங்கள்

அந்த அறையில் இருக்கும் சின்னப் பெண் ஒருத்தியிடம் கேட்டேன். உடம்பு சின்னது என்பதால் எல்லோரும் அவளைப் பாப்பா என்பார்கள்.

"மியூட் போட்டுருக்கோம் மிஸ்" என்றாள் பாப்பா.

"அப்படின்னா?"

"யாரும் பேசக் கூடாது. பேசினா அவங்களுக்கும் மியூட்."

"எத்தனை நாளைக்கு?"

"அது மோனிஷாக்காதான் சொல்லணும்." பிறகு தாழ்ந்த குரலில், "மிஸ், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்றாள்.

மோனிஷாவைக் கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்து நின்றுகொண்டு பதில் சொன்னாள். "நாங்க ஒண்ணுமே பண்ணலை மிஸ். அடிச்சோமா, திட்டினோமா? பேசப் பிடிக்கலைன்னா அது தப்பா?"

அவள் கேட்டது நியாயம் போலவே இருந்தது. அடிக்கவில்லை. திட்டவில்லை. ஆனால் இசக்கி நடக்கும்போது சுவரோடு ஒட்டியே நடக்கிறாள்.

ஜூலை 25, வியாழன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது பாதி விட்டுப்போனது.

"அட, இதுக்குப் போயா" என்றார் மேடம். சாயங்காலம் எல்லோரையும் வராந்தாவில் நிற்க வைத்தார். இங்கே எந்தச் சண்டைக்கும் இதுதான் வழக்கமாம். இசக்கியையும் மோனிஷாவையும் நடுவில் நிறுத்தி, "ரெண்டு பேரும் கை குடுங்க. ரெண்டு பேரும் சாரி சொல்லுங்க" என்றார்.

மோனிஷா உடனே சொன்னாள். அழகாகச் சொன்னாள்.

"நான் எதுக்கு மேடம்?" என்று இசக்கி கேட்டாள்.

"ஒரு கை தட்டினா ஓசை வருமா சாமி? சொல்லு."

இசக்கி சொன்னாள். எல்லோரையும் கை தட்டச் சொன்னார் மேடம். தட்டினார்கள். மோனிஷாவே இசக்கிக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள். "நம்ம வார்டன் மிஸ்தான் பாவம் ரொம்பக் கவலைப்பட்டாங்க" என்று மேடம் என்னைக் காட்டினார். எல்லாக் கண்களும் என்னிடம் வந்து, பிறகு இசக்கியிடம் போயின. என்னிடம் வந்து சொன்னது அவள்தான் என்று அத்தனை பேரும் முடிவு செய்துவிட்டார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

ஜூலை 26, வெள்ளி

காலையில் இசக்கியின் படுக்கை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர்தான்.

ஜூலை 29, திங்கள்

இசக்கிக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கேமரா. அவள் வந்தால் "கேமரா ஆன்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் முடியைச் சரிசெய்துகொண்டு பல்லைக் காட்டுகிறார்கள். வகுப்பிலேயே நடக்கிறது. பிசிக்ஸ் சாரும் ஒரு தரம் முடியைச் சரிசெய்துகொண்டார்.

மதியம் ஆசிரியர் மேசையில் எனக்கு நாற்காலி இல்லை. யாரோ பையை வைத்திருந்தார்கள். எடுக்கச் சொல்லலாம், ஆனால் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறைக்குப் போய் பிஸ்கட் சாப்பிட்டேன். எனக்கு அதுவே வசதி.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலை வகுப்பு நேரம். மாடிக் குளியலறைப் பக்கம் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன். கடைசிக் கதவில் வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

திறந்தேன். இசக்கி ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, உயிரியல் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை அங்கே கொண்டுபோயிருக்கிறாள். அப்படியென்றால் இது முதல் தடவை இல்லை.

"கதவத் தட்ட வேண்டியதுதானே?"

"தட்டுனா சிரிப்பாவ மிஸ். தட்டாட்டி அவியளுக்கே சலிச்சுப் போயி வந்து தொறந்துருவாவ."

எழுந்தபோது அவள் கால் மரத்துப்போயிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை காய்ச்சல் மாதிரி சுட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய தண்ணீர் பாட்டில் காலையிலும் நிறைந்திருக்கும், ராத்திரியும் நிறைந்திருக்கும். இரண்டு வாரமாகப் பார்க்கிறேன். சிக்கனமான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி குடிக்கறதில்லையா நீ?"

"குடிச்சா இங்க வரணும்லா."

இனிமேல் என் அறைக் குளியலறையைப் பயன்படுத்திக்கொள், எப்போது வேண்டுமானாலும் வா என்றேன். அவள் யோசித்தாள். "வேண்டாம் மிஸ். பாத்தாவன்னா இன்னும் கூடும்" என்றாள். நான் விடவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

கூடிவிட்டது. இசக்கி சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். என் அறைக்கு வரும் வழியில் இசக்கியைப் பார்த்து மேடமே கேட்டார்: "ஏம்மா, நீயென்ன ஸ்டாஃபா?" பிறகு ஆசிரியர் மேசையில் என்னைக் காட்டி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி: "பட்டதாரி வீட்டுல பாத்ரூம் இருந்துச்சோ இல்லையோ, இங்க வந்து தானம் பண்றா பாருங்க." ஜுவாலஜி மிஸ் டீயைத் துப்பும் அளவுக்குச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் இல்லைதான். நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போதுதான் அப்பா கட்டினார்.

சாயங்காலம் துணி காயும் இடத்தில் இசக்கி வந்து பக்கத்தில் நின்றாள். மேடத்தின் புடவையை நான் மடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கேன், கோவப்படக் கூடாது."

"கேளு."

"உங்களையும் இப்படித்தான பண்ணுதாவ?"

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. போய்ப் படி என்றேன். நான் ஆசிரியர்களோடு வேலை பார்ப்பவள். அவர்கள் என்னைவிடப் பெரியவர்கள், விளையாட்டுக்குப் பேசுவார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

புடவை சரியாக மடியவில்லை. திரும்ப மடித்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

"ஏட்டி, என்ன கொரலு ஒரு மாதிரி இருக்கு?" என்று இசக்கியின் அம்மா கேட்டார்.

"சளிம்மா."

"தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட நிக்கியா?"

"இல்லம்மா."

"கூட இருக்க புள்ளைய நல்லாப் பேசுதாவளா?"

இசக்கி என் முகத்தைப் பார்த்தாள். படிக்கட்டில் காத்திருந்தவர்களில் ஒருத்தி இருமினாள். போன் என் கையில் இருந்தது. ஸ்பீக்கரில் உப்பளத்துக் காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

"பேசுதாவம்மா. நல்லா இருக்கேம்மா."

நேரம் முடிந்தது. நான்தான் கட் செய்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வாரத் தேர்வில் இசக்கி நாற்பதாவது இடத்துக்கும் கீழே. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. படிப்பு நேரத்தில் மாடித் திருப்பத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் இருந்தா என்ன மிஸ், இல்லாட்டி என்ன. ஒரு கட்டிலு காலியாவும், அம்புட்டுதான்."

அப்படிச் சொல்லாதே என்று அதட்டத்தான் வாய் வந்தது. அதட்டவில்லை. செத்துப்போயிடலாம்னு தோணுதா என்று நேராகவே கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள் போல முகம் தளர்ந்தது.

"சில நேரம் தோணும். அப்புறம் அம்ம ஞாவகம் வரும். போயிரும்."

"தோணறப்ப என்கிட்ட வா. என்ன நேரமா இருந்தாலும் கதவத் தட்டு. நான் சிரிக்க மாட்டேன்."

அழுதாள். முதல் தடவையாகப் பார்க்கிறேன். அவளை என் அறையில் படுக்க வைத்துவிட்டு மேடத்திடம் போய்ச் சொன்னேன். இந்த முறை எதையும் விடாமல் சொன்னேன்.

"மார்க் கொறஞ்சா எல்லாரும் எடுக்கற வேஷம்தான். நீ புதுசு, உனக்குத் தெரியாது" என்றார் மேடம். டி.வி. சத்தத்தைக் குறைக்கவில்லை.

மொட்டைமாடிக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். இசக்கி தூங்கிவிட்டாள். நான் கீழே பாயில்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலை வழிபாட்டில் இசக்கி மயங்கி விழுந்தாள். கடும் காய்ச்சல். பக்கத்து ஊர் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். சிறுநீரில் கிருமித் தொற்று. கிட்னி வரைக்கும் போகப் பார்த்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. "இந்த வயசுப் பொண்ணு தண்ணியே குடிக்காம இருக்கான்னா என்ன நடக்குது அங்க? மனசும் சரியில்லை. முதல்ல வீட்டுக்குத் தகவல் சொல்லுங்க. இவ அம்மாகிட்ட இருக்க வேண்டியவ."

ஆட்டோவில் இசக்கி என் மடியில் தலை வைத்திருந்தாள்.

மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை பெரிய மாடல் டெஸ்ட். ரிசல்ட்டுக்காகத்தான் அவளுக்கு இலவச சீட். இப்ப போன் பண்ணினா அந்தம்மா அலறிட்டு வந்து கூட்டிட்டுப் போயிரும். மாத்திரை குடு, சரியாயிரும்."

"மேடம், டாக்டர்..."

"உன் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ் பீரோவுலதான கண்ணு இருக்கு? வருஷக் கடைசியில நல்லபடியா வாங்கிட்டுப் போக வேண்டாமா?"

இங்கே சேரும் எல்லோரும் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துத்தான் சேர்கிறார்கள். பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லாம் அந்தப் பீரோவில். அவை இல்லாமல் நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன். லாரியில் மூட்டை ஏற்றுபவரின் மகள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மாத்திரை கொடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்தேன். என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். என் போனில் அவள் அம்மாவின் எண்ணை அழுத்துவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மேடம் காலையிலேயே இசக்கியிடம் சொல்லிவிட்டார்: "காய்ச்சல்னு மட்டும் சொல்லு. சரியாயிருச்சுன்னும் சொல்லு." சாயங்காலம் போன் வரிசையில் அவளைப் பாதியில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்கு மேலும் கீழும் ஒரு படி காலியாக இருந்தது. மேடம் அலுவலகத்தில் இருந்தார். மறுநாள் சுதந்திர தினம், மற்ற ஆசிரியர்கள் கொடிக்கம்பத்தில் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

அவள் முறை வந்தது. எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கத் தொடங்கியதும் ஸ்பீக்கரை அணைத்தேன். போனை அவள் கையில் கொடுத்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து, நாலு எட்டு தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். இதைத்தானே இத்தனை நாள் தடுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தேன்.

"அம்மா. ஆமாம்மா. சாப்ட்டேன். இட்லி. காய்ச்ச விட்டுருச்சும்மா. பேசுதாவ. எல்லாரும் நல்லாப் பேசுதாவ. நல்லா இருக்கேம்மா."

திரும்பிப் பார்த்தேன். போனைக் காதோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண்ணீர் முகவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குரலில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை. அப்படிப் பழகியிருக்கிறாள். ஸ்பீக்கர் எங்கள் போனில் மட்டும் இல்லை, அவளுக்குள்ளும் போட்டபடியே இருந்தது.

படிக்கட்டில் அத்தனை பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் முடியைச் சரிசெய்துகொள்ளவில்லை.

போய் அவள் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"அம்மா, நான் வார்டன் பேசறேன்."

"சொல்லுங்கம்மா." பயந்த குரல்.

என்ன சொல்வதென்று நான் தயார் செய்யவில்லை. தயார் செய்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"இசக்கி நல்லா இல்லம்மா. கூட இருக்கற பிள்ளைங்க ஒரு மாசமா இவகூடப் பேசறதில்லை. குளிக்கற ரூம்ல வெச்சுப் பூட்டறாங்க. அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருந்து, உடம்புக்கு வந்துருச்சு. மனசும் உடைஞ்சு போயிருக்கா. டாக்டர் உங்ககிட்ட அனுப்பச் சொல்லிட்டாங்க. இங்க சொல்லக் கூடாதுன்னு சொல்றாங்க. நாளைக்கே வாங்கம்மா. நீங்க வர்ற வரைக்கும் நான் இவள விட்டு நகர மாட்டேன்."

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இப்பவே பொறப்படுதேன்" என்றார். போன் நின்றது.

இசக்கி என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. திகில்தான் இருந்தது. "ஏன் மிஸ் சொன்னீய? அம்ம தாங்க மாட்டாவ" என்றாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

வரிசையில் அடுத்தவள் பாப்பா. வந்து கையை நீட்டினாள், போனுக்காக. கொடுத்தேன். ஸ்பீக்கர் போடவில்லை. அதற்கடுத்தவளும் கையை நீட்டினாள். ஒருத்தி வெறுமனே அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்தி நாயைப் பற்றியே பேசினாள். நான் மணி பார்க்கவில்லை.

கடைசியாக மோனிஷா. போனை வாங்கிக்கொள்ளாமல் நின்றாள்.

"எனக்கு ஸ்பீக்கர் போட்டுருங்க மிஸ்."

"ஏன்?"

"யாராச்சும் கேட்டுட்டு இருந்தா அப்பா கொஞ்சம் கம்மியாத்தான் திட்டுவார்."

போட்டேன். இசக்கி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். மோனிஷா ஒரு தரம்கூட அவளைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இசக்கியின் அம்மா கேட்டில் வந்து நின்றார். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். உப்புநீரில் வெடித்த பாதங்கள், அவசரத்தில் இரண்டு காலுக்கும் வேறு வேறு செருப்பு. வாட்ச்மேன், இன்றைக்குப் பெற்றோர் நாள் இல்லை என்றார். அந்தம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி இசக்கி" என்று ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்டைத் திறந்தார்கள்.

மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"ஏன்ட்டி சொல்லல?"

"நீ வெயில்ல கெடந்து சாவுற. அதுல இத வேற எப்பிடிம்மா சொல்லுதது?"

"வெயிலு என் வேல. நீ என் புள்ள. ரெண்டும் ஒண்ணாட்டி?"

தாளாளர் அறையில் மேடம் நிறையப் பேசினார். சீட் போய்விடும், எதிர்காலம் போய்விடும், பிள்ளைகள் என்றால் நாலு பேச்சு இருக்கத்தான் செய்யும், கை கொடுத்துச் சமாதானம்கூட செய்துவைத்தோம் என்றார். அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எம்புள்ளயக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். திரும்பத் திரும்ப அது ஒன்றுதான். அதற்கு எதிராகப் பேச யாரிடமும் ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்துகளை எப்போது எப்போது கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஊரில் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன், தனியாக விடாதீர்கள் என்றும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே என் கையைப் பிடித்தார்.

"ஒங்க பேரு என்னம்மா?"

இந்தக் கேட்டுக்குள் வந்ததிலிருந்து யாரும் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அஞ்சலை" என்றேன்.

ஆகஸ்ட் 17, சனி

தாளாளர் கூப்பிட்டார். வருடம் முடியும் வரை வேலை பார்த்தால் சான்றிதழ் கிடைக்கும், நடுவில் போனால் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். போன் பொறுப்பு இனி மேடத்திடமே. எனக்குச் சமையல் ஸ்டோர்.

மோனிஷா அரிசி மூட்டை அறை வரைக்கும் தேடிக்கொண்டு வந்தாள்.

"அவ திரும்ப வந்துருவாளா மிஸ்?"

"வரணும்னு நினைக்கிறியா?"

தரையில் சிந்தியிருந்த அரிசியைக் காலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆசிரியர் மேசையில் இன்று நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன். பேச்சு நின்றது. ஒவ்வொருவராகத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். ஜுவாலஜி மிஸ் மட்டும் கொஞ்சம் தயங்கினார், பிறகு அவரும் போனார்.

யாரும் அடிக்கவில்லை. திட்டவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

ஸ்டோரில் பருப்பு கொட்டி வைத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியிலிருந்து ஸ்பீக்கர் சத்தம் கேட்டது. நல்லா இருக்கேன். நல்லா இருக்கேன். மேடம் சரியாக நேரம் பார்த்துக் கட் செய்தார்.

என் போன் அடித்தது. இசக்கியின் அம்மா.

"காய்ச்ச விட்டுருச்சும்மா. தண்ணி நல்லாக் குடிக்கா. பெரியாஸ்பத்திரிக்கும் போனோம், அடுத்த வாரம் திரும்ப வரச் சொல்லிருக்காவ. பகல் பூரா தூங்குதா. ஒண்ணும் பேச மாட்டேங்கா. நீங்க ஒரு வார்த்த பேசுதியளா?"

போன் கை மாறியது. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை. படிப்பு, மருந்து எதையும் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அவள்தான் கேட்டாள்.

"மிஸ், சாப்ட்டீயளா?"

சாப்ட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வழக்கமாகச் சட்டென்று வந்துவிடும். இன்று வரவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. போனை வைக்கவும் இல்லை. தொலைவில் காற்று அடிப்பது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஸ்டோர் கதவைச் சாத்திவிட்டு வந்து, மூட்டையின் மேல் உட்கார்ந்து, எனக்கு நாற்காலி இல்லாத அந்த மதியத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.